சத்தம் போடாத டயர்

டயர் என்றால் வட்டமாக இருக்கும், கறுப்பாக இருக்கும், உருளும், அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன், இந்த டயர்க் கடைக் கனகராஜ் விட்டால்தானே. ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் நிறுத்துகிறான், “இது ஜப்பான்காரன் போடறதுங்க்கா, வெண்ணெய் மாதிரிப் போகும்” என்கிறான். அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றை உருட்டிக்கொண்டு வருகிறான், “இது நம்ம நாட்டுதுங்க, எருமைத் தோலு, தேயறதுன்னா என்னன்னே தெரியாது” என்கிறான். வெண்ணெயா எருமையா, அதை மட்டும் நான் சொல்ல வேண்டுமாம். நடுவில் இன்னொன்று இருக்கிறது, கொரியாக்காரனுடையது, அதையும் காட்டாமல் விடமாட்டான், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவள் மாதிரி என்னை உட்கார வைத்து முன்னால் கடை பரப்புகிறான். எனக்கு வேண்டியது ஒன்றுதான் என்று வந்ததுமே சொல்லிவிட்டேன். உள்ளே உட்கார்ந்தால் சத்தம் கேட்கக் கூடாது, விலையும் கையைக் கடிக்கக் கூடாது. சொன்னதும் அவன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்கிற எங்கள் காரைப் பார்த்தான், அந்தக் கறுப்பு ஜெர்மன் காரை, பிறகு என்னைப் பார்த்தான், இந்தக் காரில் வந்துவிட்டு விலை பேசுகிறாளே என்று நினைத்திருப்பான். நினைத்துக்கொள்ளட்டும். கார் வாங்கின காலம் வேறு, டயர் வாங்குகிற காலம் வேறு. அப்போது பீளமேட்டில் எங்கள் மோட்டார் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது, மாமா சாவியை என் கையில் கொடுத்து, “பின் சீட்ல உக்காந்து பாரு, வெளிய குண்டு போட்டாலும் கேக்காது” என்றார். இப்போது கம்பெனிக் கட்டடத்தில் யாரோ அட்டைப்பெட்டி செய்கிறார்கள், அந்த வாடகைதான் நாங்கள். காரை மட்டும் விற்க மாட்டேன் என்றுவிட்டார். மாமா என்றால் என் வீட்டுக்காரர், தெய்வசிகாமணி. கான்வென்ட்டில் படித்தவள் கட்டினவரை மாமா என்கிறாளே என்று என் தோழிகள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். அத்தை மகனைக் கட்டிக்கொண்டு வேறு என்னவென்று கூப்பிடுவதாம், மிஸ்டர் தெய்வசிகாமணி என்றா.

அவர் வெளியே நிற்கிறார். காரை லிஃப்டில் ஏற்றியிருக்கிறார்கள், நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்குகிறது, அதற்குக் கீழே இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபடி நிற்கிறார், கோயில் விதானம் பார்க்கிற மாதிரி. சட்டை முதுகுப் பக்கம் தொளதொளவென்று இருக்கிறது. போன தீபாவளிக்கு எடுத்த சட்டை. பார்க்காதே ரேணுகா, டயரைப் பார். காரைத் தூக்குவதற்கு முன்பே கனகராஜ் எங்கள் பழைய டயரின் ஓரத்தில் விரலால் தடவிக் காட்டினான், மெல்லிய வெடிப்புகள், காய்ந்த வண்டல் மாதிரி. “ரப்பர் இறுகிப் போச்சுங்க்கா. இது உள்ளுக்குள்ள கெட்டியான டயர், பஞ்சர் ஆனாலும் ஓடற டைப்பு. புதுசுலயே கொஞ்சம் சத்தம்தான், இப்ப ஊளை உடுமே, சார் சொல்றது கரெக்டுதான்.” சார் சொல்றது கரெக்ட். இந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் என்னவோ துள்ளியது, வெட்கமில்லாமல் துள்ளியது. பாதியாவது டயராக இருக்கட்டும். முழுக்க வேண்டாம், பாதி. அவர் கேட்கிற சத்தத்தில் பாதி இந்த இறுகிப்போன ரப்பராக இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம். பிறகு அந்தத் துள்ளல் அடங்கிவிட்டது. ரப்பர் எப்போது இறுகியது, இன்றைக்கா நேற்றா, அவருக்குச் சத்தம் ஆரம்பித்தது மாசி மாதம், அதுவும் காரில் இல்லை, படுக்கையில்.

முதலில் ஃபேன். “ரேணு, ஃபேன் இரையுது பாரு” என்றார். எனக்கு ஒன்றும் இரையவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவரிடம் யார் வாய் கொடுப்பது, அது பெயர் போன காது. கம்பெனியில் ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைப்பார், பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொள்வார், கண்ணை மூடுவார். எந்த பேரிங் இன்னும் கொஞ்ச நாளில் போகும் என்று சொல்லிவிடுவார், பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். வெளியூர் மில்லில் இருந்தெல்லாம் ஆள் வந்து அழைத்துப் போவார்கள், பெண் பார்க்கிற மாதிரி மோட்டார் பார்க்க. அந்தக் காது ஃபேன் இரைகிறது என்றால் இரைகிறது. புது ஃபேன் மாட்டினோம். நாலு நாள் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை, பிறகு ஃப்ரிட்ஜ். சமையலறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை ஃப்ரிட்ஜின் முதுகில் வைத்துக் காதைக் கொடுத்து நின்ற கோலத்தைப் பார்த்து, “என்ன சொல்லுது, மாங்காய் ஊறுகாய் கெட்டுப்போச்சாமா” என்று கேட்டேன். சிரிக்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். என் நக்கலுக்குச் சிரிக்காமல் இருந்ததே கிடையாது அவர், முதல் ராத்திரியில் ஆரம்பித்த சிரிப்பு. ஃப்ரிட்ஜ் போய் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் போய் பக்கத்து வீட்டு போர் மோட்டார், அந்தம்மாவிடம் போய், “உங்க மோட்டார் ராத்திரியெல்லாம் ஓடுதுங்க” என்று சொல்லி, அவள், “எங்க மோட்டார் காயில் போயி ஒரு வாரமாச்சுங்கண்ணா, நானே லாரித் தண்ணி வாங்கறேன்” என்று சொல்லி, மனிதர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அதற்கப்புறம்தான் கார். காரில் உட்கார்ந்ததும், “இதுதான், இதுதான் ரேணு, டயர் ஊளை” என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. திருடனைப் பிடித்துவிட்ட போலீஸ்காரன் முகம்.

“அக்கா, லேபிள் பாருங்க, அறுபத்தெட்டு டெசிபல்” என்கிறான் கனகராஜ். ஜப்பான்காரனுக்கு அறுபத்தெட்டு, எருமைத் தோலுக்கு எழுபத்திரண்டு. “நாலுதானே வித்தியாசம்” என்றேன். “நாலுன்னா நாலு இல்லீங்க்கா, இது வேற கணக்கு, காதுக்குப் பாதிக்குப் பாதி தெரியும்.” அளந்துவிடுகிறான். ஒரு சத்தத்தை அளக்க முடிகிறதே, எண் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்ட முடிகிறதே, எனக்கு அதுவே ஆச்சரியமாக இருக்கிறது. கடைசியில் காதைக் காட்டப் போன அந்த டாக்டரிடம் நான் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும், எவ்வளவு சத்தம் கேட்கும் அவருக்கு, ஃபேன் அளவா, ரயில் அளவா, ஒரு எண் சொல்லுங்கள். ஒன்றும் கேட்கவில்லை நான். என்னமோ பெரிய வாய் என்று ஊரெல்லாம் பேர். டாக்டர் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, “சார், கீழ ஃபார்மசில இந்த மாத்திரையை வாங்கிட்டு வந்துடுங்க, டோஸ் சொல்றேன்” என்றார். அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். “மேடம் இருக்கட்டும், இன்ஷூரன்ஸ்ல ஒரு கையெழுத்து வேணும்” என்றார் டாக்டர். அவர் கதவைத் திறந்து போனார், கதவு தானாக மூடிக்கொண்டது, அந்தக் கதவுக்கு மேலே ஒரு பிடி இருக்குமே, கடைசி ஒரு ஜாண் மெதுவாக, சத்தமில்லாமல் மூடவைக்கிற பிடி, அது மூடி முடிகிற வரைக்கும் டாக்டர் பேசவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. கட்டி. வலது காதுக்குப் பின்னால், உள்ளே, மூளையின் தண்டை ஒட்டி. கத்தி வைக்க முடியாத இடம். வீக்கம் குறைக்க மாத்திரை தரலாம், வலி வந்தால் வலிக்குத் தரலாம். “அந்தச் சத்தம் வெளியில இருந்து வரலீங்க மேடம், அது நிக்காது, போகப் போகக் கூடத்தான் செய்யும். பொங்கல் வரைக்கும் பாப்போம். மேல கடவுள் இருக்கார்.” டாக்டரே கடவுளைக் கைகாட்டினால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம், இது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. “சார்கிட்ட இப்ப சொல்ல வேண்டாம், மனசு விட்டுடுவார். நரம்பு வீக்கம்னு சொல்லிக்கலாம்.” சொல்லிக்கலாம். நானும் டாக்டரும் கூட்டுச் சேர்ந்து. அவர் மாத்திரையோடு திரும்பி வந்தபோது என் கையில் பேனா இருந்தது, கையெழுத்துப் போட ஒரு காகிதமும் இல்லாமல் வெறும் பேனா. நான்தான் பையில் இருந்து எடுத்து வைத்திருந்தேன் போல.

மாரல் சயின்ஸில் சிஸ்டர் ஆக்னஸ் கேள்வி போடுவாள், மௌனமாக இருப்பதும் பொய்தானா, காரணம் கூறுக, பத்து மதிப்பெண். ஆம் என்று நான் மூன்று பக்கம் எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் எனக்கு. வகுப்பில் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன், கைதட்டினார்கள். அந்த மூன்று பக்கத்தை இப்போது கொண்டுவா சிஸ்டர், இந்த டயர்க் கடை மேசையில் வை, சிவப்புப் பேனாவால் நானே அடித்துத் தருகிறேன். என் மகள் நிவேதிதாவும் அதே பள்ளிக்கூடம்தான், அதே மாரல் சயின்ஸ், இப்போது மெல்போர்னில் இருந்துகொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாள். “அம்மா, இங்கெல்லாம் பேஷண்ட்கிட்டதான் முதல்ல சொல்லுவாங்க. அது அப்பாவோட உடம்பு, அவருக்குத் தெரிய வேண்டாமா?” “தெரியணும்தான் கண்ணு. வந்து சொல்லு. நீயே வந்து அவர் முன்னாடி உக்காந்து சொல்லு.” “டிக்கெட் பாக்கறேன்மா.” பாக்கறேன் என்கிறாள், போட்டுட்டேன் என்று சொல்லவில்லை. போன் திரையில் அவள் மூக்கு அவர் மூக்கு. வைத்துவிட்டேன். அவளைக் குறை சொல்லி என்ன, நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாததை அவள் கடல் தாண்டி வந்து எங்கே சொல்வது. ஒவ்வொரு நாளும் காலையில் காபி ஆற்றும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, “ராத்திரி பூரா டயர் சத்தம் காதுலயே நிக்குது ரேணு, டயரை மாத்திரோணும்” என்பார். மாத்திரலாங்க, மாத்திரலாங்க. எத்தனை வாரமாக மாத்திரலாங்க. நான் தள்ளிப் போட்டேன். கஞ்சத்தனம் என்று அவர் நினைத்திருப்பார், நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தேன். ஃபேன் போச்சு, ஃப்ரிட்ஜ் போச்சு, மிச்சம் இருக்கிற ஒரே மெஷின் இந்தக் கார். இதிலும் டயரை மாற்றி, இதற்கு அப்புறமும் அவருக்குக் கேட்டால், பழி போட வீட்டில் வேறு ஒன்றும் இல்லை, மிக்ஸியைத் தவிர. அப்போது அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். ரேணு, எங்கிருந்து வருது இந்தச் சத்தம், டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னான். அந்தக் கேள்விக்கு எழுத என்னிடம் மூன்று பக்கமும் இல்லை, மூன்று வார்த்தையும் இல்லை. இன்றைக்கு ராத்திரிக்குள் கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியைத்தான் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து வாங்க வந்திருக்கிறேன்.

“எத்தனை வருஷம் வரும்?” என்று கேட்டேன் கனகராஜிடம், ஏதாவது கேட்க வேண்டுமே. வாயில் இருந்து வந்த பிறகுதான் அது அவருடைய கேள்வி என்று தெரிந்தது, செருப்பு வாங்கினாலும் பேட்டரி வாங்கினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி. “எருமைத் தோலு போட்டீங்கன்னா அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாமுங்க்கா. ஜப்பான் டயரு சாஃப்ட் ரப்பர், அதனாலதான் சத்தமில்லை, ஆனா சீக்கிரம் தேயும். ரெண்டு வருசம், ரெண்டரை. ரெண்டும் வேணும்னா எங்கயும் கிடைக்காதுங்க, சத்தம் போடாதது உழைக்காது, உழைக்கறது சத்தம் போடும்.” தத்துவம் வேறு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, எனக்கே சங்கடம், விலை அதிகமாக இருந்திருந்தால் அதைச் சாக்காக வைத்து முடிவு செய்திருப்பேன். அஞ்சு வருஷ டயரை வாங்கினால் என்ன அர்த்தம், ரெண்டு வருஷ டயரை வாங்கினால் என்ன அர்த்தம். எல்லாம் காதில் விழுகிற மாதிரிதான் பேசினான், அவர் எப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஏசிக் காற்றில் ரப்பர் வாடையும் அவருடைய விபூதி வாடையும் சேர்ந்து வந்தது. நான் சட்டென்று, “அஞ்சு வருஷம் வர்றதையே போட்டுடுங்க” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவருக்குக் கேட்கட்டும். அஞ்சு வருஷம் என்று நான் சொல்வது அவர் நல்ல காதில் விழட்டும், இவள் அஞ்சு வருஷத்துக்குக் கணக்குப் போடுகிறாள் என்று தெரியட்டும். “அடுத்த வாட்டி டயர் மாத்தறப்ப நிவேதி மகனைக் கூட்டிட்டு வரலாம்” என்று வேறு சேர்த்துக்கொண்டேன், நிவேதிக்குக் கல்யாணமே ஆகவில்லை. கனகராஜ் கடனே என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. ஜப்பான் டயர் மேல் கையை வைத்தார், உள்ளங்கையை விரித்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. “இது எப்படி தம்பி, மெத்துனு இருக்குது.” “ஆமாங் சார், ஆனா அக்கா அஞ்சு வருசத்துக்குக் கேக்கறாங்க.” “அவ கேப்பா. சத்தமில்லாததையே போடு. தேஞ்சா தேஞ்சுட்டுப் போவுது.” “ஏனுங்க, எதுக்கும் வருஷக் கணக்குக் கேக்கறவர் நீங்க” என்றேன். “இந்த வயசுல இனி என்னத்த ஓட்டப் போறோம்” என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு, “காபி இருக்குதா தம்பி?” அவ்வளவுதான். மாத்திரை மந்தம், டாக்டர் சொன்னாரே, மாத்திரை ஆளைக் கொஞ்சம் மந்தமாக்கும். வருஷக் கணக்கு கேட்க மறந்துவிட்டார். காரும் இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன், மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஓட்டக் கூடாது என்று சொன்னதும் சாவியை மறுபேச்சில்லாமல் கொடுத்தார், இந்தச் சாவியை மச்சினனுக்கே தராத மனிதர். மந்தம்தான். வேறு என்ன.

இப்போது மாட்டுகிறார்கள். இரும்புச் சக்கரத்தில் இருந்து பழைய டயரை ஒரு மெஷின் பிய்த்து எடுக்கிறது, பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒரு நெம்பல், ஒரு பெருமூச்சு, கழன்று விழுகிறது. நட்டு முடுக்குகிற துப்பாக்கி அலறுகிறது. இந்தச் சத்தத்தில் எல்லாம் அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்கிறேன், இல்லை, காகித டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அமைதியாக இருக்கிறார், வெளியே இவ்வளவு சத்தம் இருந்தால் உள்ளே இருப்பது அமுங்கிவிடும் போல. ராத்திரிதான் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். எதிர்ச் சுவரில் டீவி, ஏதோ கோயிலில் அபிஷேகம், ஒலியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், குடம் குடமாகப் பால் சத்தமில்லாமல் கொட்டுகிறது. இவருடைய அண்ணன் பெரியவர் இருந்தாரே, அவருக்கு இப்படித்தான் ஆனது, அவருக்கு வயிற்றில். அன்றைக்கு டாக்டர் பெரியவரை, போய் ஒரு சோடா குடிச்சுட்டு வாங்க என்று அனுப்பினார், உள்ளே நின்றது இவர். குடல் புண் என்று எல்லாருமாகப் பேசி வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து இவர் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார், பிறகு முகம் கழுவிக்கொண்டு அண்ணனோடு சீட்டாடப் போனார். எல்லாம் முடிந்து பதினாறாம் நாள் பந்தியில் பெருமையாகச் சொன்னார், “அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு வார்த்தை கேக்கலியே.” நான் பரிமாறிக்கொண்டிருந்தேன், ரசவாளியைக் கையில் வைத்துக்கொண்டு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவர்கள் எல்லாம் தெரியாதவர்களா. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். சோடா குடித்துவிட்டு வரச் சொல்வது என்றால் என்ன என்று தெரிந்த மனிதர், கீழே போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வரச் சொன்னபோது கதவைத் திறந்துகொண்டு போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனார். இல்லை, அப்படி இருக்காது. ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஆள் வேலை சொல்வார்கள். தனக்கு வந்தால் யாருக்குமே கண் தெரியாது, ஊரார் மோட்டாரையெல்லாம் கண்டுபிடித்தவர் ஃப்ரிட்ஜ் முதுகில் காதை வைத்துக்கொண்டு நிற்கவில்லையா. தெரிந்தால் அப்படி நிற்பாரா. அதுவே எனக்கு நிம்மதி, அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி போதும். ஆனால் ஃப்ரிட்ஜ் நடந்தது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால். காரும் முன்னால்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் புதிதாக ஒரு மெஷினையும் சந்தேகப்படவில்லையே, டயர் டயர் என்று அதையேதானே சொல்லிக்கொண்டிருக்கிறார். போதும் நிறுத்து. தலை வலிக்கிறது. காபியா இது, கழுநீர்.

“ஆச்சுங்க்கா, அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் பக்கா” என்கிறான் கனகராஜ், சாவியை நீட்டிக்கொண்டு. “புது டயருக்கு மேல மெழுகு மாதிரி இருக்குமுங்க, மொதல்ல கொஞ்ச தூரம் மெதுவாப் போங்க. ஒரு ரவுண்டு பைபாஸ்ல போயிட்டு வந்து சொல்லுங்க, சத்தம் கேட்டா எம்பேரை மாத்திக்கறேன்.” மாற்றித்தான் வைத்துக்கொள்ளப் போகிறாய், பாவி. அவர் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார், கொக்கி உடனே மாட்டவில்லை, நான் கையை நீட்டினேன், அதற்குள் மாட்டிவிட்டது. அவினாசி ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரனும், ஒன்றும் தெரியவில்லை, தெரியாமல் இருக்கிற வரைக்கும் நல்லது, சிக்னல் எல்லாம் சிவப்பாகவே விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன், ஒவ்வொன்றும் பச்சையாக விழுந்தது. நீலாம்பூர் தாண்டி பைபாஸில் திரும்பினேன். சனிக்கிழமை, வண்டி குறைவு. எழுபது. எண்பது. கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றன. டயர் சத்தம் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது, அந்தக் கடைக்காரன் பொய் சொல்லவில்லை, இத்தனை நாள் காருக்குள் ஒரு இரைச்சல் இருந்திருக்கிறது, அது போன பிறகுதான் இருந்ததே எனக்குத் தெரிகிறது. பின் சீட்டில் தண்ணீர் பாட்டில் உருளுவது கேட்கிறது, என் வளையல் ஸ்டியரிங்கில் உரசுவது கேட்கிறது. அப்போதுதான் உறைத்தது என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று. வெளிச் சத்தம் எல்லாம் துடைத்து எடுத்தாகிவிட்டது. இனி அவருக்குள் இருப்பது மட்டும்தான் அவருக்குக் கேட்கும், அதுவும் மறைக்க ஒன்றும் இல்லாமல், முழுசாக. காசு கொடுத்து ஆளைக் கொண்டுவந்து அதனோடு தனியாக அடைத்துவிட்டேன். இப்போது சொல்வார். இதோ வாயைத் திறக்கிறார், இன்னும் கேக்குது ரேணு என்பார், ரோட்டோரமாக நிறுத்து என்பார், நிறுத்துவேன், என்னைப் பார்ப்பார்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது, கட்டி இருக்கிற பக்கம். நெற்றியில் அந்த இரண்டு கோடு விழுந்தது, ராத்திரி படுக்கையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் விழுந்திருக்குமே, அதே இரண்டு கோடு. கை காதுக்குப் போயிற்று, பாதி வழியில் நின்றது, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தது, மடிக்குத் திரும்பி வந்தது. ரோட்டைப் பார் ரேணுகா, லாரி வருகிறது, ரோட்டைப் பார். “ம்” என்றார். “என்னங்க” என்றேன், எனக்கே என் குரல் கேட்கவில்லை. “நின்னுபோச்சு” என்றார். “சுத்தமா நின்னுபோச்சு. டயர்தான்.” என் கை ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தது. டயர்தான். நிக்காது என்று டாக்டர் சொன்ன சத்தம், போகப் போகக் கூடும் என்று சொன்ன சத்தம், நின்றுபோனதாம். நெற்றியில் கோடு அப்படியே இருக்கிறது, தாடை இறுகி இருக்கிறது, கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தென்னந்தோப்பைப் பார்த்தபடி, எனக்காகச் சொல்கிறார். எத்தனை நாளாகத் தெரியும். இன்றைக்கா, மாத்திரை வாங்கப் போன அன்றைக்கேவா. நான் தினமும் காபி ஆற்றிக்கொண்டு நின்ற வேளையெல்லாம் தெரியுமா. ஒருவேளை நான் ஏதாவது சொல்லிவிடப் போகிறேன் என்று பயந்துதான் டம்ளரை வாங்கிய கையோடு டயர் பேச்சை எடுத்தாரா. கேட்கலாம். இப்போது காரில் நாங்கள் இரண்டே பேர், குறுக்கே ஒரு சத்தமும் இல்லை, இவ்வளவு வசதியான இடம் இனிமேல் வாய்க்காது. மாமா என்று ஆரம்பித்தால் போதும். வீட்டுக்குத் திரும்புகிற பாலம் வந்தது.

“திரும்பட்டுங்களா?”

“இன்னும் கொஞ்ச தூரம் போ. ரோடு நல்லாருக்குது.” தென்னந்தோப்பில் இருந்து கண்ணை எடுக்காமல், “உனக்கு ஏதாவது கேக்குதா ரேணு?”

அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. மூச்சு உள்ளே போவதும், எங்கோ ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு பிறகு வெளியே வருவதும் கேட்டது.

“இல்லீங்க மாமா,” என்றேன், “எனக்கும் ஒண்ணும் கேக்கல.”